கால் வலியும் மனச்சோர்வும்: புழுங்கல் அரிசி சொன்ன சாட்சி



"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பழமொழியின் பொருளை உணராத வீடு நம் தோட்டப்புறங்களில் இல்லை. முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய தாய்க்குத் தோள்பட்டை வலி. காண்டா சுமந்த தகப்பனுக்கு இடுப்பு வலி. அண்ணாந்து பார்த்தபடியே செம்பனைக் குலை அறுத்தவருக்குக் கழுத்து வலி. வந்த வலி பத்து நாளில் போய்விட்டால் அதை மறந்துவிடுகிறோம். போகாமல் மாதக் கணக்கில் தங்கிவிட்டால் என்ன ஆகிறது? அந்த மனிதரே மாறிவிடுகிறார். பேச்சு குறைகிறது, தூக்கம் கெடுகிறது, சோறு இறங்குவதில்லை. கோயில் திருவிழா வந்தாலும் வாசலைத் தாண்டுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தொடர்ந்து தாமதமாக வந்தான். தலை வாரவில்லை, பசியாறவும் இல்லை. காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். ஒரு மாலையில் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் தாய் பாயில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "உடம்புக்கு ஒண்ணுமில்லே வாத்தியாரே, எல்லாம் சோம்பேறித்தனம்" என்றார் மாமியார். மருந்தகத்துக்குப் போய் வந்திருந்தாள். "எலும்பு நல்லாத்தான் இருக்கு, எல்லாம் மனசுதான்" என்று அங்கே யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அந்தத் தாய் எங்களைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "வலிக்குது வலிக்குதுன்னு சொல்லி எனக்கே வெட்கமாப் போச்சு. இப்பல்லாம் நான் சொல்றதே இல்லீங்க."

வலியை விட அந்த வெட்கம் கொடியது என்று அன்று எங்களுக்குத் தோன்றியது. உடம்பில் வலி, மனத்தில் சோர்வு. இவை இரண்டும் இரண்டு வெவ்வேறு வீட்டுக்காரர்களா? அல்லது ஒரே கூரையின் கீழ் குடியிருப்பவர்களா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே நடந்த ஒரு வரலாறு அந்த விடைக்கு வழி காட்டுகிறது. அந்த வரலாற்றில் நம் பாட்டன் பாட்டிமாரின் சோற்றுப் பானைக்கும் ஓர் இடம் உண்டு.

பெரிபெரி என்று ஒரு நோய். சிங்களச் சொல்லொன்றிலிருந்து இப்பெயர் வந்தது என்பார்கள். முதலில் கெண்டைக்கால் வலிக்கும். பாதம் எரியும், மரத்துப் போகும். குந்தி உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. நாளடைவில் கால் தொய்ந்துவிடும். சிலருக்கு உடல் வீங்கி, இதயம் தளர்ந்து, திடீரென்று உயிரும் போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாய் நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும், சிறைச்சாலைகளிலும், மனநல மருத்துவமனைகளிலும் இந்நோய் ஆயிரக்கணக்கானவர்களை வாட்டியது. அது தொற்று நோய் என்று சிலரும், மண்ணிலிருந்து கிளம்பும் கெட்ட காற்று என்று சிலரும் சொன்னார்கள். நடக்க முடியாதவனைப் பார்த்துச் சோம்பேறி என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். எந்தக் காலத்திலும் அது எளிதாக வாயில் வருகிற சொல் அல்லவா?

அக்காலத்தில் நெகிரி செம்பிலானின் அரசாங்கத் தலைமை மருத்துவராக இருந்தவர் வில்லியம் லெனார்ட் பிரெடன். அவர் ஒரு விந்தையைக் கவனித்தார். ஒரே வட்டாரம், ஒரே மழை, ஒரே வெயில். சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களுக்குப் பெரிபெரி மிகுதியாக வந்தது. தோட்டங்களிலும் சாலைகளிலும் வேலை செய்த தமிழர்களுக்கோ அது வருவதே அரிது. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அப்படியே. தமிழர்கள் மற்ற நோய்களிலிருந்து தப்பியவர்கள் அல்லர். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் அவர்களை வாரிக்கொண்டு போயின. ஆனால் இந்த ஒரு நோய் மட்டும் அவர்களை ஒதுக்கிவைத்தது. காரணம் என்ன?

பிரெடன் சோற்றைப் பார்த்தார். சீனத் தொழிலாளர்கள் உண்டது, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் வயலில் விளைந்த நெல்லை வேண்டும்போது வீட்டிலேயே குத்தி உண்டார்கள். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதன் பிறகு உமி நீக்கும் வழக்கம் நம் ஊர்களில் தொன்றுதொட்டு உள்ளது. கப்பலேறி வந்தபோது நம் முன்னோர் அந்தச் சுவையையும் கூடவே கொண்டு வந்தார்கள். பிரெடன் தம் முடிவுகளை 1907-ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். நோய்க்குக் காரணம் வெள்ளை அரிசிதான் என்று அவர் கண்டது சரி. ஆனால் பழைய அரிசியில் பூஞ்சை பிடித்து ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவர் எண்ணினார், அது தவறு. அரிசியில் ஏதோ ஒன்று சேர்ந்துவிட்டதால் நோய் வரவில்லை. ஏதோ ஒன்று போய்விட்டதால் வந்தது.

இதே காலத்தில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். பிரெடனின் கருத்து தவறு என்று காட்டவே அவர் முதலில் எண்ணினாராம். 1905-ஆம் ஆண்டு இறுதியில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிவிட்டு, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்காரர்களை மறு பக்கமும் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி. மற்றக் கூட்டத்துக்குப் புழுங்கல் அரிசி. கட்டடத்தில் குறை இருக்குமோ என்ற ஐயம் எழாதிருக்க, பாதி வழியில் இரண்டு கூட்டத்தாரையும் இடம் மாற்றினார். ஓராண்டு கழிந்தது. வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவிப் பலர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே நோய் புதிதாகப் பரவவேயில்லை. பிரெடனை மறுக்கப் போனவர் அவர் பக்கம் சாட்சி சொல்லும்படி ஆயிற்று.

மூன்றாவது சோதனை நம் மாநிலத்து ஜெலுபு மாவட்டத்தில் நடந்தது. கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசர், தாமஸ் ஸ்டான்டன் என்ற இருவர், 1907-இல் அங்கே காட்டுப் பகுதியில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களைத் தேர்ந்துகொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றினார்கள், நோய் நின்றது. மறு பிரிவுக்கு வெள்ளை அரிசி கொடுத்தார்கள், அங்கே தொடங்கியது. 1909-இல் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். தீட்டும்போது கழிகிற தவிட்டில்தான் நோய் தடுக்கும் பொருள் இருக்கிறது என்பதைக் கோழிகளை வைத்தும் காட்டினார்கள். அண்டை நாடான ஜாவாவில் 1890-களிலேயே ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளிடம் கண்டதை, மனிதர்களிடம் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது நம் ஜெலுபு மண்.

நேயர்களே, இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு உட்பட்டவர்கள் யார்? மனம் கலங்கிய நோயாளிகளும் ஏழைக் கூலிகளும். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லாதவர்கள். இன்றைய விதிகளின்படி அப்படி ஒரு சோதனையை எந்த மருத்துவரும் நடத்த முடியாது. நாம் இன்று அறிந்திருப்பதற்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களை மறவாமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய கைம்மாறு.

தவிட்டில் இருந்த அந்தப் பொருள் எது? 1912-இல் கசிமிர் ஃபங்க் என்பவர் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயர் சூட்டினார். 1926-இல் ஜாவாவில் இரு டச்சு அறிஞர்கள் அதைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936-இல் அமெரிக்காவில் ராபர்ட் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாகவே உருவாக்கினார். தயமின் என்றும், வைட்டமின் பி1 என்றும் அதை இன்று அழைக்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. நம் பாட்டிக்குத் தயமின் என்ற பெயர் தெரியாது. ஆனால் அவள் அவித்த நெல் அவள் பிள்ளைகளின் காலைக் காத்தது.

இந்தத் தயமின் உடலில் என்ன வேலை செய்கிறது? நாம் உண்ணும் சோறு குருதியில் சர்க்கரையாகச் சேர்கிறது. அந்தச் சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கினால்தான் உடல் இயங்கும். விறகு இருந்தும் தீக்குச்சி இல்லாவிட்டால் அடுப்பு எரியுமா? தயமின் அந்தத் தீக்குச்சி போன்றது. 1930-களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் என்ற அறிஞர், தயமின் இல்லாத புறாக்களின் மூளையில் சர்க்கரை முழுமையாக எரியாமல் பாதியில் நிற்பதைக் கண்டார். உடலில் சர்க்கரையையே பெரிதும் நம்பியிருப்பவை நரம்பும் மூளையும். ஆகவே தயமின் குறைந்தால் முதலில் தள்ளாடுபவையும் அவையே. காலுக்குப் போகும் நரம்பு தளர்ந்தால் வலி, எரிச்சல். மூளை தளர்ந்தால்?

அதற்கும் வரலாறு விடை சொல்லிற்று. 1940-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ மனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சிலருக்குத் தயமின் குறைந்த உணவைப் பல வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். காலில் நோய் முற்றுவதற்கு முன்னாலேயே அவர்களுடைய குணம் மாறியது. சிடுசிடுப்பு வந்தது. களைப்பு வந்தது. காரணமில்லாத கலக்கமும் மனச்சோர்வும் வந்தன. தயமினைத் திரும்பக் கொடுத்தபோது நிலை தேறியது. அவர்களும் மனநல மருத்துவமனையில் இருந்தவர்களே என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும்.

பிறகு போர் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் நம் மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்ததை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம்-பர்மா ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் பெரிபெரியும் அவர்களை அந்தக் காட்டிலேயே புதைத்தன. ஊரில் புழுங்கல் அரிசியால் காக்கப்பட்டவர்களுக்கு அங்கே அந்தக் காவல் இல்லை. அதே காலத்தில் சிங்கப்பூரில் கைதிகளாக இருந்த டி வார்டனர், லெனாக்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள், தயமின் குறைவால் சக கைதிகளின் மூளை பாதிக்கப்பட்டதைக் குறித்துவைத்தார்கள். பசியின்மை, கண் தடுமாற்றம், மனக்கலக்கம், மறதி. 1947-இல் 52 பேரின் விவரங்களை வெளியிட்டார்கள். தயமின் மருந்து கிடைத்தவர்களில் பலர் சில நாட்களிலேயே தெளிவடைந்தார்கள்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? ஒரே பொருள் குறைந்தது. அந்தக் குறை காலில் வலியாகவும், மனத்தில் சோர்வாகவும் வெளிப்பட்டது. வலி உண்மை, சோர்வும் உண்மை. இரண்டுக்கும் அடியில் ஓடியது ஒரே இரசாயனம். உடம்பு வேறு, மனம் வேறு என்று நாம் போட்டிருக்கும் வேலியை அந்த இரசாயனம் மதிப்பதில்லை.

இப்போது நம் தோட்டத்துத் தோள்பட்டை வலிக்கும் இடுப்பு வலிக்கும் வருவோம். இவை எல்லாம் தயமின் குறைவால் வருபவை அல்ல. அப்படி யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆனால் இங்கேயும் வலியும் சோர்வும் ஒரே பாதையில்தான் நடக்கின்றன என்பதைக் கடந்த ஐம்பது, அறுபது ஆண்டு ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

வலி என்பது காயம்பட்ட இடத்திலிருந்து மூளைக்குப் போகும் ஒரு தந்தி மட்டும் அன்று. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் முதுகுத்தண்டில் ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு என்றார்கள். அது திறந்தால் வலி மேலே போகும், சாத்தினால் குறையும். அவர்கள் சொன்னதில் சில பகுதிகள் பின்னர் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்தது. மூளையிலிருந்தே கீழ்நோக்கி இறங்கி வந்து அந்தக் கதவைச் சாத்தும் நரம்புகளும் உள்ளன. தோட்டத்துக் காவற்காரர் இரவில் படலைச் சாத்துவது போல அவை வேலை செய்கின்றன. அந்த நரம்புகள் பயன்படுத்தும் பொருள்களில் முக்கியமானவை இரண்டு: செரட்டோனின், நோரட்ரினலின். நம் மனநிலை, தூக்கம், ஊக்கம் ஆகியவற்றிலும் இதே இரண்டு பொருள்களுக்குப் பங்கு உண்டு. 1975-இல் ஸ்காட்லாந்தில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் என்ற இருவர், அபின் போல் வலியைத் தணிக்கும் பொருள்களை மூளை தானே சுரக்கிறது என்றும் கண்டுபிடித்தார்கள்.

இதனால் விளைவதைப் பாருங்கள். வலி நாட்கணக்கில் நீடித்தால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுதலாகத் தெரிகிறது. உடல் எப்போதும் ஆபத்தில் இருப்பது போல் கவலைக்குரிய சுரப்பிகள் ஓயாமல் வேலை செய்கின்றன. மனம் தளர்கிறது. கதவைச் சாத்த வேண்டிய காவற்காரரும் தளர்ந்துவிடுகிறார். முன்பு சிறு வலியாக இருந்தது இப்போது பெரு வலியாக மேலே ஏறுகிறது. வலி சோர்வைப் பெறுகிறது. சோர்வு வலியைப் பெறுகிறது. இது செக்குமாடு சுற்றுகிற சுற்று. இதில் எங்கே வேஷம் இருக்கிறது? எங்கே சோம்பல் இருக்கிறது?

மற்றொரு கண்ணியும் உண்டு. காய்ச்சல் வந்தால் நமக்கு யாரோடும் பேசப் பிடிப்பதில்லை, படுத்துக்கொள்ளவே தோன்றுகிறது. உடல் நோயோடு போராடும்போது சுரக்கும் அழற்சிப் பொருள்களே அதற்குக் காரணம். ஈரல் அழற்சி நோய்க்காக இன்டர்ஃபெரான் என்ற அத்தகைய பொருளையே மருந்தாகப் பெற்றவர்களில் பலருக்கு, அதுவரை இல்லாத மனச்சோர்வு உண்டானதை மருத்துவர்கள் கண்டார்கள். மூட்டு வீக்கம் போன்ற நோய்களில் இந்தப் பொருள்கள் நெடுநாள் சுற்றிக்கொண்டிருந்தால், மனமும் நெடுநாள் காய்ச்சல்காரரைப் போலப் படுத்துவிடலாம்.

மருந்தின் வரலாறும் இதற்குச் சாட்சி. மனச்சோர்வுக்காக 1950-களின் இறுதியிலும் 1961-ஆம் ஆண்டளவிலும் வந்த இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள், மனச்சோர்வே இல்லாத சிலருக்கும் நரம்பு வலியைக் குறைத்தன. சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவிலேயே அவை வலியில் வேலை செய்தன. 2004-இல் அமெரிக்காவில் டுலொக்செட்டின் என்ற மருந்து மனச்சோர்வுக்கும், நீரிழிவால் வரும் நரம்பு வலிக்கும் ஒரே ஆண்டில் அனுமதி பெற்றது. ஆகவே வலிக்குப் போன இடத்தில் மருத்துவர் இப்படி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தால், "என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா?" என்று யாரும் மனம் புண்பட வேண்டியதில்லை. அவர் கதவைச் சாத்துகிற காவற்காரருக்கு உதவி அனுப்புகிறார், அவ்வளவுதான்.

எனினும் அளவுக்கு மீறியும் நம்பிவிடக் கூடாது. மூளையில் செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்று ஒரு காலத்தில் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். 2022-இல் வெளிவந்த விரிவான மறு ஆய்வொன்று, அதற்கு உறுதியான சான்று இல்லை என்று காட்டியது. மனச்சோர்வு ஒரே பொருளின் கணக்கு அன்று. கடன், தனிமை, தோட்டம் துண்டாடப்பட்டு வீடு இழந்த துயரம், பிள்ளைகளைப் பற்றிய கவலை ஆகியவையும் அதில் சேரும். பிரெடன் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் சொன்னது போலவே, அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்டு போகிறது. அது அதன் பலவீனமன்று, அதன் நேர்மை.

இனி நம் வீட்டுக்குள் நடக்கும் ஒன்றைப் பேசாமல் விட முடியாது. வலிக்கு மருந்தென்று நம்மவர் பலர் நாடியது கள்ளுக்கடை. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலத்தை நாம் அறிவோம். அவற்றை மூட வேண்டும் என்பது 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. கள்ளு போய்ச் சம்சு வந்தது. குடி ஓரிரு மணி நேரம் வலியை மறக்கச் செய்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே குடி, உணவிலிருந்து தயமின் உடலில் சேர்வதைத் தடுக்கிறது. குடிப்பவர் சோறும் சரியாக உண்பதில்லை. நாளடைவில் பாதம் எரிகிறது, கால் தளர்கிறது, மனம் கருகுகிறது, நினைவு மங்குகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோரை அண்டாத பெரிபெரி, இன்று போத்தல் வழியாக நம் வீட்டுக்குள் நுழைகிறது. எரிச்சலை மறக்க மறுபடியும் குடி. எந்த வலியைத் தீர்க்கக் குடித்தாரோ அந்த வலியையே அவர் விலை கொடுத்து வாங்கி வருகிறார். இவரைத் திட்டுவதால் பயனில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போவதே பயன். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. அதையும் மருத்துவர் துணையோடு செய்ய வேண்டும்.

பாதம் எரிந்தால் உடனே சத்து ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமும் நம்மிடம் உண்டு. இன்று நம் குடும்பங்களில் பாத எரிச்சலுக்குப் பெருங்காரணம் இனிப்பு நீர். சர்க்கரை அளவைப் பார்க்காமல் ஊசியை மட்டும் நம்பினால், நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே முதலில் பரிசோதனை, பிறகுதான் மருந்து.

நாம் செய்யக்கூடியவை என்ன? மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். அப்படிப்பட்ட வலியோடு அரசாங்க மருந்தகத்துக்குப் போகும்போது, வலியை மட்டும் சொல்லாமல் தூக்கத்தையும், பசியையும், மனநிலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வலிக்கிறது என்று முழு நாளும் படுத்துவிடாமல், மருத்துவர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாக உடலை அசையுங்கள். அது வலிக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. மனநல ஆலோசகரிடம் பேசுவதும் வலியைத் தாங்கும் ஆற்றலைக் கூட்டுகிறது. கொடுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்தாதீர்கள். "நான் இருந்து என்ன பயன்?" என்று வலியில் கிடப்பவர் ஒருவர் சொன்னால், அதைச் சும்மா சொல்கிறார் என்று தள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்த மாணவனின் தாயைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். நாங்கள் சிலர் சேர்ந்து அவளை வேறொரு மருத்துவரிடம் அனுப்பிவைத்தோம். மாமியாரையும் கூடவே போகச் சொன்னோம். அந்த மருத்துவர் அரைமணி நேரம் கேட்டார். தோள்பட்டை நரம்பில் தேய்மானம் இருக்கிறது, மனச்சோர்வும் இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்வோம் என்றார். வலி முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இன்றும் மழை நாளில் வலிக்கிறது. ஆனால் மருத்துவர் சொன்னதைக் கேட்டு வந்த மாமியார், மறுநாள் காலையில் தாமே எழுந்து தண்ணீர் பிடித்துவைத்தார். "வலிக்குதான்னு கேட்டாங்க வாத்தியாரே" என்று அந்தத் தாய் எங்களிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியது. அந்தப் பையன் தலை வாரி, பசியாறி, மணியடிப்பதற்கு முன் பள்ளிக்கு வரத் தொடங்கினான்.

நேயர்களே, ஜெலுபுக் காட்டில் சாலை போட்ட அந்த 300 பேருக்கு, தங்கள் கால் ஏன் வலிக்கிறது என்று சொல்ல அன்று யாரும் இல்லை. நமக்கு அந்தக் குறை இல்லை. காரணம் தெரிந்த பிறகும் ஒருவரை நாம் சோம்பேறி என்று அழைத்தால், அந்தப் பழி அவரைச் சேராது, நம்மையே சேரும். இன்று மாலை வீட்டில் வலியோடு இருப்பவர் அருகில் சற்று உட்கார்ந்து, "வலிக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை முடியும்வரை காத்திருங்கள்.